நம் பேரேட்டில் ஒரு வரி: சிம் அட்டையைக் காக்கும் வழி

சிலப்பதிகாரத்துக் கோவலன் பிழைப்புத் தேடி வெளியூர் போன வணிகன். புகாரை விட்டு மதுரைக்கு வந்து, மனைவியின் ஒற்றைச் சிலம்பை விற்கப் போன இடத்தில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே மாட்டிக்கொண்டான். பார்வைக்கு இரண்டு சிலம்பும் ஒன்றுதான். அரசியினுடையதில் முத்துப் பரல், கண்ணகியுடையதில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் உயிர் போய்விட்டது. நாற்பது வருஷமாக வெளியூரில் கடை வைத்திருக்கிற எனக்கு, சிம் மோசடி பற்றிக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதைதான் ஞாபகம் வரும். இங்கேயும் எண் ஒன்று, அட்டை இரண்டு.

அது எப்படி என்று கேட்கலாம். நம் பத்து இலக்க எண் சிம்முக்குள் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. அட்டைக்குள் இருப்பது ஒரு சின்னச் சில்லும், அதில் நிறுவனம் எழுதிவைத்த இரகசியத் திறவுகோலும்தான். எந்த அட்டைக்கு எந்த எண் என்பது நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கிறது. அந்த வரியை ஒருவன் மாற்றி எழுத வைத்துவிட்டால், நம் எண் அவன் கையிலுள்ள அட்டைக்குப் போய்விடும். நம் அட்டை அந்த நிமிஷமே செத்துவிடும்.

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அப்போது எண் என்பது பேசுவதற்கு மட்டும். இன்று வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. ஆகவே அது நம் கையெழுத்துக்குச் சமம்.

பேரேட்டு வரியை மாற்ற மோசடிக்காரர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, போலி ஆவணம் காட்டி, 'சிம் தொலைந்துவிட்டது' என்று நம் பெயரில் புது அட்டை வாங்குவது. மற்றொன்று, நம்மையே செய்ய வைப்பது. 'உங்கள் சிம் இன்றோடு முடிகிறது, 5ஜிக்கு மாற்றித் தருகிறோம்' என்று போன் வரும். அவன் சொல்லும் எண்ணை நாம் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது அவனிடமுள்ள வெற்று அட்டையின் எண்ணாக இருக்கும். 89 91 என்று தொடங்கும் நீண்ட எண்ணை யாராவது அனுப்பச் சொன்னால், போனை வைத்துவிடுங்க.

ஒரு விஷயத்தை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். சிம் மாற்றினால் புது அட்டையில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டது. அந்த ஒரு நாள் நமக்குக் கிடைத்த தவணை. பக்கத்திலிருப்பவர் போனில் சிக்னல் இருந்து நம்முடையதில் மட்டும் இல்லையென்றால், 'நாளைக்குச் சரியாயிடும்' என்று படுத்துத் தூங்கக் கூடாது. வேறு போனிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிட்டு, சிம் மாற்றம் நடந்ததா என்று கேட்டு நிறுத்தச் சொல்லுங்க. அடுத்தது வங்கி. பணம் போயிருந்தால் உடனே 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்புண்டு.

இனி திருட்டு. போனுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், பயமில்லை என்பார்கள். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அது வேலை செய்யும். இதற்கு மருந்து சிம் பூட்டு. போனின் அமைப்புகளில், பாதுகாப்பு என்ற பகுதியில் இருக்கும். நிறுவனம் முதலில் வைத்திருக்கும் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நம் சொந்த எண்ணை வைக்க வேண்டும். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க நிறுவனத்திடம் பி.யு.கே. எண் வாங்க வேண்டும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் அட்டை குப்பைக்குத்தான். ஆகவே ஊகித்துப் பார்க்காதீர்கள்.

போன் உறைக்குள் ஏ.டி.எம். அட்டையைச் செருகி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். அதை இன்றே எடுத்துவிடுங்க. அட்டையின் கடைசி ஆறு இலக்கம், காலாவதித் தேதி, சிம்முக்கு வரும் கடவுச்சொல் இவை கிடைத்தால் புது யு.பி.ஐ. பின் வைத்துவிடலாம். பெட்டியோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்த கதைதான்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. இங்கே வந்ததும் புது எண் வாங்குகிறோம். ஊர் எண் டிராயரில் தூங்குகிறது. ஆனால் ஊர் வங்கிக் கணக்கு அந்தப் பழைய எண்ணோடுதான் இணைந்திருக்கும். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். பிறகு குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் நம் வங்கிச் செய்தி முன்பின் தெரியாதவர் போனில் ஒலிக்கும். எண்ணை விடுவதானால், முதலில் வங்கி, ஆதார், எல்.ஐ.சி. எல்லாவற்றிலும் மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தையோ மாநிலத்தையோ மாற்றிக்கொள்ளும் வசதி 2015 ஜூலையிலிருந்து நாடு முழுதும் இருக்கிறது. ஊர் சிம் இங்கே தொலைந்தால் மாற்று அட்டையை எங்கே தருவார்கள் என்பதையும் இப்போதே உங்கள் நிறுவனத்தைக் கேட்டு வையுங்க.

2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தொலைந்த போனை முடக்கவும் அங்கே வழியுண்டு. அதற்குக் காவல் நிலையப் புகாரும் போனின் 15 இலக்க அடையாள எண்ணும் தேவை. *#06# அழுத்தினால் அந்த எண் தெரியும். போன் கையிலிருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவின் பென்ஷன் அந்தச் சின்ன அட்டையை நம்பித்தான் இருக்கிறது. 'ஆபீஸிலிருந்து பேசறோம்' என்று அதிகாரமாக யார் சொன்னாலும் அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். அது அந்தத் தலைமுறையின் மரியாதை. அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது, பலகாரப் பொட்டலத்தோடு அரை மணி நேரத்தையும் ஒதுக்குங்கள். சிம் பூட்டைப் போட்டு, 1930ஐக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி, 'யார் எதைக் கேட்டாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.