அறுவை அரங்கில் யார் வாய் திறக்கலாம்?

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறைச் சிகிச்சையாளர் எல்லோரும் ஒரே நோயாளியின் படுக்கையைச் சுற்றி வேலை செய்யப்போகிறவர்கள். படிப்பதோ வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு ஆசிரியர்களிடம். வேலையில் சேர்ந்ததும் அவர்கள் ஒரு குழுவாக இயங்கிவிடுவார்கள் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது தானாக நடப்பதில்லை, சொல்லித்தரவேண்டியது என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் பல துறையினருக்குமான கூட்டுப் பயிற்சி.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் நடந்த ஒரு சம்பவம் போதும். மூக்கையொட்டிய சைனஸ் பகுதியில் சாதாரண அறுவைச் சிகிச்சைக்காக வந்திருந்தார் 37 வயதுப் பெண் ஒருவர். மயக்க மருந்து கொடுத்ததும் அவரது மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. தொண்டைக்குள் குழாய் செலுத்தவும் முடியவில்லை, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுக்கவும் முடியவில்லை. இப்படி ஒரு கட்டம் வந்தால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யவேண்டும் என்பது மயக்கவியலில் எழுதிவைத்த விதி. அரங்கில் இருந்த மூத்த மருத்துவர்கள் மூவரும் குழாயைச் செலுத்துவதிலேயே மீண்டும் மீண்டும் முனைந்திருந்தார்கள். ஒரு செவிலியர் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். யாரும் பதில் பேசவில்லை. இன்னொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். ‘இவ்வளவு பதற்றம் எதற்கு’ என்பதுபோல மருத்துவர்கள் பார்க்கவே, அதை ரத்து செய்துவிட்டார். மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் அந்தப் பெண் 13 நாள் கழித்து இறந்தார்.

என்ன செய்யவேண்டும் என்பது அந்த அறைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்களின் பேச்சு, முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களின் காதில் ஏறவில்லை. இறந்தவரின் கணவர் மார்ட்டின் ப்ரொமிலி ஒரு விமானி. விமானத் துறையில் இத்தகைய மரணம் நடந்தால் விசாரணை எப்படி நடக்கும் என்று அறிந்தவர். அவர் 2007இல் தொடங்கிய அமைப்பு, மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராய்ந்துவருகிறது.

விமானத் துறை இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது. 1977இல் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கக்கூடும் என்ற ஐயத்தை விமானப் பொறியாளர் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதை ஒதுக்கிவிட்டார். அதன்பின் 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் விமானிக் குழுக்களுக்கான கூட்டுப் பயிற்சியைத் தொடங்கியது. அதன் கூறுகளையும் ராணுவ அனுபவத்தையும் சேர்த்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அந்நாட்டுச் சுகாதார ஆய்வு முகமையும் 2006இல் ‘டீம்ஸ்டெப்ஸ்’ என்ற பாடத்திட்டத்தை மருத்துவக் குழுக்களுக்காக வெளியிட்டன.

அதில் இருப்பவை பெரும்பாலும் பேசும் முறைகள். மருத்துவர் வாய்மொழியாக மருந்தின் அளவைச் சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் ‘சரி’ என்றால்தான் அந்தப் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. ஒரு கவலையைச் சொல்லிப் பதில் வராவிட்டால் இரண்டாம் முறையும் சொல்வது கடமை; அதன்பிறகும் கவனிக்காவிட்டால் மேலே உள்ளவரை அழைக்கலாம். இன்னொன்று, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த நாலு படித் தகவல் முறை: இப்போதைய நிலை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். இரவு இரண்டு மணிக்கு வார்டிலிருந்து டூட்டி டாக்டரை அழைக்கும் செவிலியர் ‘எட்டாம் பெட் நோயாளி சரியில்லை, சார்’ என்றால், மறுமுனையில் தூக்கம் கலைவதற்கில்லை. ‘எட்டாம் பெட்டில் பிரஷர் 80க்கு இறங்கிவிட்டது. நேற்றுக் குடல் ஆபரேஷன் ஆனவர். உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்று தோன்றுகிறது. உடனே வந்து பார்க்கவேண்டும்’ என்றால் நிலைமை வேறு. மூன்றாம் வரிதான் இதில் கடினம். தான் நினைப்பதைச் சொல்வது தன் வேலையல்ல என்று பழக்கப்பட்டவரை அது சொல்லவைக்கிறது.

இதனால் உயிர் பிழைக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற 74 இடங்களில் அறுவைச் சிகிச்சை மரண விகிதம் 18 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சி பெறாத 34 இடங்களில் 7 சதவீதம். அங்கே மாதக்கணக்கில் முன்னேற்பாடு, அறுவை மருத்துவரும் மயக்கவியலாளரும் செவிலியரும் டெக்னீஷியனும் சேர்ந்து உட்கார்ந்த வகுப்பு, ஓராண்டுத் தொடர் வழிகாட்டல் எல்லாம் இருந்தன. மற்றொன்று கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து 101 மருத்துவமனைகளைப் பற்றியது, 2014இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 19 அம்ச அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. பட்டியலைப் பின்பற்றியதாக ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் சொல்லின. மரண விகிதமோ 0.71 சதவீதத்திலிருந்து 0.65க்கு வந்தது, புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க மாற்றமல்ல. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதே பட்டியலைச் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பட்டியலில் டிக் அடிப்பது எளிது. அதைச் சாக்கிட்டு ஒருவரோடொருவர் பேசப் பழகுவதற்குத்தான் பயிற்சியும் நேரமும் வேண்டியிருக்கின்றன. இந்த ஆய்வுகளின் அளவுகோல்களும் வேறு, நோயாளிகளும் வேறு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

பணிக்கு வந்தபின் பயிற்சி தருவதைவிட மாணவப் பருவத்திலேயே தொடங்கலாம் என்பது ஸ்வீடன் காட்டிய வழி. லின்ஷாப்பிங் பல்கலைக்கழகம் 1986 முதல் மருத்துவ, செவிலிய, இயன்முறை மாணவர்களைச் சேர்ந்து படிக்கவைக்கிறது. 1996இல் எலும்பு சிகிச்சைப் பிரிவில் மாணவர்களே நடத்தும் பயிற்சி வார்டையும் அது திறந்தது. மருத்துவ மாணவரும் அங்கே நோயாளியைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் கைகொடுக்கிறார்; மூத்தவர்கள் மேற்பார்வை மட்டும் பார்க்கிறார்கள். இத்தகைய கூட்டுக் கல்வியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட செயற்சட்டகமும் வலியுறுத்துகிறது.

இதற்கு எதிரே நிற்கும் தடைகள் சித்தாந்தம் சார்ந்தவையல்ல. கால அட்டவணைகள் ஒத்துவருவதில்லை. மருத்துவப் படிப்பும் செவிலியப் படிப்பும் வெவ்வேறு ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வருகின்றன. கூட்டுத் தேர்வுக்கு யார் மதிப்பெண் போடுவது என்பதில் இழுபறி. பணியிடத்திலோ ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பயிற்சியைத் திரும்பத் திரும்ப நடத்தவேண்டும். மூத்த அறுவை மருத்துவர் வராமல் செவிலியர்களை மட்டும் அனுப்பிவைக்கும் மருத்துவமனைகளில் பாதிப் பயிற்சிதான் நடக்கிறது: பேசக் கற்றவர்கள் திரும்பி வருகிறார்கள், கேட்கக் கற்கவேண்டியவர் அரங்கிலேயே இருக்கிறார்.