கம்பெனி பாதி, கராஜ் பாதி

படிக்கும் முன் யோசிங்க: உங்க வீட்டு கார் மாதிரியே இன்னொரு காரை பார்க்கிங்கில் பார்த்திருக்கீங்களா? எது உங்க கார் என்று எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். துபாயிலிருந்து ஹத்தா போகும் பக்கம் 'பிக் ரெட்' என்று ஒரு பெரிய சிவப்பு மணல்மேடு இருக்கிறது. உங்களில் பலர் அங்கே போயிருப்பீங்க. நாங்களும் போயிருந்தோம். மணலில் பாய் விரித்து, டப்பாவில் கொண்டுவந்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

திடீரென்று பெரிய சத்தம்! ஒரு பழைய நிஸான் பேட்ரோல் மணல்மேட்டில் ஏறியது. அதற்கு முன்னால் ஏறிய வண்டிகள் பாதியிலேயே திணறி நின்றுவிட்டன. இது மட்டும் நிற்காமல் உச்சிக்குப் போனது.

"அப்பா, அது எந்த கம்பெனி வண்டி?" என்று என் மகள் கேட்டாள்.

"நிஸான்மா."

"பக்கத்து வீட்டு அங்கிள்கிட்டயும் நிஸான்தான் இருக்கு. அது இப்படிக் கத்தாதே!"

நல்ல கேள்வி. வண்டி கீழே வந்ததும் அதை ஓட்டியவரிடமே போய்க் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே பானட்டைத் திறந்து காட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பாதி கம்பெனி செஞ்சது. மீதிப் பாதி நானும் என் நண்பனும் கராஜில் செஞ்சது."

ஹாட் ராட் என்றால் என்ன?

ஒரு பழைய வண்டியை எடுத்து, அதிக வேகத்துக்காக அதைத் தன் கையாலேயே மாற்றிக் கட்டுவார்கள். அப்படிக் கட்டிய வண்டிக்கு அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று பெயர். சூடான கம்பி என்று மொழிபெயர்த்துவிடாதீங்க!

இந்தக் கதை 1930களில் கலிபோர்னியாவில் சூடு பிடித்தது. அங்கே தண்ணீர் இல்லாத வறண்ட ஏரிகள் உண்டு. ஏரியின் தரை பலகை மாதிரி சமமாகவும் கெட்டியாகவும் இருக்கும். வேகமாக ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

ஆனால் அந்த இளைஞர்களிடம் புது கார் வாங்கப் பணம் இல்லை. பழைய ஃபோர்டு கார்கள் மட்டும் மலிவாகக் கிடைத்தன. ஃபோர்டு மாடல் டி என்ற கார் 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் தயாரானது. அதனால் பழைய கார்களுக்குப் பஞ்சமே இல்லை. 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் உள்ள 'வி-8' எஞ்சினைக் குறைந்த விலை காரிலேயே வைத்துக் கொடுத்தது.

இளைஞர்கள் என்ன செய்தார்கள்? பழைய காரின் மட்கார்டைக் கழற்றினார்கள். பானட்டையும் கண்ணாடியையும் கழற்றினார்கள். பிறகு, கிடைத்தால் ஒரு வி-8 எஞ்சினை உள்ளே வைத்தார்கள். ஏன் கழற்ற வேண்டும்? ஸ்கூல் பையோடு ஓடிப் பாருங்க. பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப் பாருங்க. காரணம் உங்களுக்கே புரியும்.

ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்றணும்

எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் வேலை முடிந்துவிடுமா? முடியாது.

பெரிய எஞ்சின் அதிகமாகச் சூடாகும். அதனால் பெரிய ரேடியேட்டர் வேண்டும். வண்டி வேகமாகப் போகும். அப்போ அதை நிறுத்த நல்ல பிரேக் வேண்டும். எஞ்சினின் கனத்தைத் தாங்க ஸ்பிரிங்கும் பலமாக இருக்க வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை செய்கிறேன். அங்கேயும் இதே கதைதான். ஒரு வரியை மாற்றினால் வேற எங்கேயோ ஒன்று உடையும். அதைச் சரி செய்தால் இன்னொன்று உடையும். கடைசியில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கு என்று எழுதியவருக்கு நல்லாத் தெரியும்.

தொழிற்சாலையில் ஒரே மாதிரி லட்சம் கார்கள் செய்கிறார்கள். லட்சம் பேருக்கும் ஓரளவு பிடிக்கிற மாதிரி அதைச் செய்யணும். கையால் கட்டும் வண்டி அப்படி இல்லை. அது ஒரே ஒருவருடைய தேவைக்குச் செய்தது. அந்தத் தேவை என்ன என்பதை முதலில் சொல்வது நிலம்.

நிலம் கேட்கும் கேள்வி

கலிபோர்னியாவில் நிலம் சமமான ஏரி. நம்ம அமீரகத்தில் நிலம் மணல்.

அபுதாபி அமீரகத்தில் லிவா என்ற பாலைவனச் சோலை இருக்கிறது. அதன் அருகே 'தல் மொரீப்' என்ற மணல்மேடு. உயரம் சுமார் 300 மீட்டர். சரிவு சுமார் 50 டிகிரி. ஏணி மாதிரி செங்குத்து! லிவா திருவிழாவின்போது அதில் வண்டிகள் ஏறும் போட்டி நடக்கும். இந்த மேட்டுக்கு என்று வளைகுடா நாடுகளில் வண்டிகளை மாற்றிக் கட்டுகிறார்கள். அவற்றில் பழைய நிஸான் பேட்ரோல்களுக்குத் தனி இடம் உண்டு.

ஏன் பேட்ரோல்? அதில் வரும் ஆறு சிலிண்டர் எஞ்சினின் அளவு 4.8 லிட்டர். மிகவும் உறுதியானது. கராஜில் அதோடு 'டர்போ' சேர்க்கிறார்கள். எஞ்சின் வெளியே விடும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றி, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும். காற்று அதிகமானால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். சக்தியும் அதிகமாகும். வெளியே போற புகையையே வேலை வாங்குகிறார்கள்!

டயரிலும் ஒரு ரகசியம் இருக்கு. பாலைவனத்துக்குள் போகும் முன் அப்பா டயர் காற்றைக் குறைப்பதைப் பார்த்திருக்கீங்களா? காற்று குறைந்தால் டயர் தட்டையாகி அகலும். அப்போ வண்டி மணலில் புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதற்குத்தான்.

கையில் என்ன இருக்கு?

நிலத்துக்கு அடுத்த கேள்வி இது. வேண்டும் என்று நினைப்பதெல்லாம் கிடைக்காது. கிடைத்ததை வைத்துத்தான் கட்ட முடியும்.

லீவுக்குச் சென்னை போனால் தெருவைக் கவனியுங்க. முன்னால் சாமான் ஏற்றும் பெட்டியோடு, மூன்று சக்கரத்தில், 'டபடப' என்று ஒரு வண்டி வரும். அதுதான் மீன்பாடி வண்டி. மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஒரு பழைய ஸ்கூட்டரின் எஞ்சினையோ மோட்டார் சைக்கிளின் எஞ்சினையோ பொருத்தியிருப்பார்கள். மீன், ஐஸ், இரும்புக் கம்பி, தண்ணீர் கேன் என்று எல்லாவற்றையும் அது சுமக்கும். அதன் பெயரைப் பாருங்க. 'மீன்' தமிழ், 'பாடி' ஆங்கிலம். பெயரும் பாதிப் பாதி!

இதற்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? சென்னையில் புதுப்பேட்டை என்ற இடத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து, பாகம் பாகமாக விற்கிறார்கள். நம்ம ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் பழைய உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வாரம் கிடைத்த எஞ்சின் அடுத்த வாரம் கிடைக்காது. அதனால் ஒரு மீன்பாடி வண்டி இன்னொன்று மாதிரி இருக்காது.

கோவையில் ஒரு கரி

கிடைத்ததை வைத்துப் பெரிய காரியமும் செய்யலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அதைச் செய்து காட்டினார். எல்லோரும் அவரை 'கரி' என்று அழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில் கார் பந்தயம் நடந்தது. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்குவது மிகக் கஷ்டம். விலையும் வரியும் அவ்வளவு அதிகம். பந்தய ஆசை உள்ள இளைஞர்கள் எதை ஓட்டுவார்கள்?

1983-ல் மாருதி 800 கார் வந்தது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர், 796 சிசி. அதாவது 0.8 லிட்டர்கூட முழுசா இல்லை. பேட்ரோல் எஞ்சினில் ஆறில் ஒரு பங்குதான்! ஆனால் அந்த எஞ்சின் இந்தியாவில் எங்கேயும் கிடைக்கும். பழுதானால் பாகமும் கிடைக்கும். கரி அந்தக் குட்டி எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் எடை குறைந்த ரேஸ் காரைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தயம் இப்படிப் பிறந்தது.

இந்தக் காரில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன். அவர் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கரி 1995-ல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தய ஓடுதளத்துக்கு அவர் நினைவாக 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரோடு வேற, ஓடுதளம் வேற

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கையால் கட்டிய வண்டியில் ஏதாவது தப்பாக இருந்தால் கம்பெனியைக் கேட்க முடியாது. கட்டியவர்தான் பொறுப்பு. பிரேக் சரியில்லாத வண்டி ஓட்டுபவரை மட்டும் இல்லை, ரோட்டில் நடப்பவரையும் இடிக்கும்.

அமெரிக்காவில் சிலர் ஹாட் ராட்களை ஊருக்குள்ளேயே போட்டி போட்டு ஓட்டினார்கள். அது ஆபத்து. அதனால் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார். போட்டியைத் தெருவிலிருந்து பாதுகாப்பான ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் நோக்கம். அமீரகத்திலும் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றி ரோட்டில் ஓட்டினால் அபராதம் உண்டு. வேகமாக ஓட்ட அபுதாபியின் யாஸ் மரினா போன்ற இடங்களில் தனி ஓடுதளம் இருக்கிறது. சென்னையில் மீன்பாடி வண்டிகளைப் போலீஸ் பிடிப்பதும் இதனால்தான். ஆனால் அந்த வண்டியை ஓட்டுபவருக்கு அதுதான் அன்றாடச் சோறு. இது எளிதில் தீராத பிரச்சினை.

அப்போ, எது தனி?

பளபள பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். சத்தமும் யார் வேண்டுமானாலும் போடலாம். கையால் கட்டிய வண்டியைத் தனியாகக் காட்டுவது அதன் காரணங்கள். எந்தப் பாகத்தைத் தொட்டு "இது ஏன் இங்கே?" என்று கேட்டாலும் கட்டியவரிடம் பதில் இருக்கும்.

அன்றைக்கு பிக் ரெட்டில் என் மகள் அப்படித்தான் கேட்டாள். பானட்டுக்குள் ஒரு குழாயை மட்டும் கம்பியால் கட்டியிருந்தது. அது ஏன் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அது போன வாரம் கழன்றுபோச்சு. இன்னும் சரி பண்ணலை" என்றார்.

அதுவும் ஒரு காரணம்தானே!

புதிய சொற்கள்

மணல்மேடு – காற்றால் குவிந்த மணல் குன்று
சரிவு – சாய்ந்திருக்கும் பக்கம்
உதிரி பாகம் – வண்டியின் தனித்தனிப் பகுதி
ஓடுதளம் – விமானமோ பந்தய வண்டியோ ஓடும் பாதை
அபராதம் – தவறு செய்தால் கட்டும் பணம்

பதில் சொல்லுங்க

1. கலிபோர்னியா இளைஞர்கள் மட்கார்டை ஏன் கழற்றினார்கள்?
2. டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் என்ன நடக்கும்?
3. கரிவரதன் ஏன் மாருதி 800 எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார்?
4. மீன்பாடி வண்டியைப் போலீஸ் பிடிப்பது சரியா? இரண்டு பக்கமும் யோசித்து ஐந்து வரி எழுதுங்க.

செய்து பாருங்க

அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, ஸ்ட்ரா, ரப்பர் பேண்ட் என்று வீட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு கார் செய்யுங்க. கடையில் எதுவும் வாங்கக் கூடாது. அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கு என்று தமிழில் சொல்லுங்க.