தம்பி விளையாடச் சாவிக்கொத்து எதற்கு?

ஒரு வீட்டில் ஒரே ஒரு கணிப்பொறி. காலையில் தந்தையார் அதில் கடைக் கணக்கு எழுதுகிறார். பகலில் தமக்கை தன் ஆய்வேட்டை எழுதுகிறாள். பள்ளி விட்டதும் தம்பி வந்து உட்கார்ந்து புதியதொரு விளையாட்டைத் தொடங்குகிறான். உடனே திரை மங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அவன் அடுக்களையை நோக்கிக் குரல் கொடுக்க, அங்கிருந்தே விடை வருகிறது. அடுத்த வாரம் அவன் கேட்பதுகூட இல்லை; கடவுச்சொல் அவனுக்கு மனப்பாடம். நம் மன்றத்து நண்பர் பலருடைய வீட்டிலும் இதுவே வழக்கம் என்று அறிகிறேன்.

இதனால் நாம் கொடுப்பது யாது? பெட்டியிலுள்ள எந்தக் கோப்பையும் மாற்றவும், எந்த நிரலையும் புகுத்தவும், காவல் நிரலையே நிறுத்தவும் வல்ல அதிகாரத்தைக் கொடுக்கிறோம். அதுவும் தம்பிக்கன்று, அவன் தொடங்கி வைத்த நிரலுக்கு! தம்பி நல்லவன்தான். ஆனால் எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய அந்த நிரலை எழுதியவர் யார் என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம்.

விளையாட்டுக்கு இத்தனை அதிகாரம் உண்மையில் தேவைதானா என்று பார்ப்போம். இதன் வரலாறு சுவையானது. 1969-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் என்பார் விண்வெளிப் பயண விளையாட்டு ஒன்றை எழுதி, அதைப் பிடிபி-7 என்ற பழைய பொறியில் ஓடச் செய்தார். அம்முயற்சியில் கைவந்த அனுபவமே யுனிக்ஸ் இயக்கமுறைமைக்கு வழிகோலியது. யுனிக்ஸில் பலர் ஒரே பொறியைப் பயன்படுத்தினர். ஆதலின் வெற்றிப் புள்ளிகளைக் குறிக்கும் பட்டியலால் ஒரு சிக்கல் எழுந்தது. ஆடுவோர் எல்லோருடைய புள்ளியும் அதில் ஏற வேண்டும். ஆனால் எவரும் தம் கையால் திருத்திவிடக் கூடாது. ரேஷன் கடைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். பொருள் வாங்குபவர் நாம். பதிவேட்டில் எழுதுபவரோ கடைக்காரர். இதே முறையில், பட்டியலைத் தொடும் உரிமை ஆடுபவருக்கு இல்லாமல் விளையாட்டு நிரலுக்கு மட்டும் தரப்பட்டது. அதற்கென்றே 'கேம்ஸ்' என்று ஒரு குழுவும் அமைத்தனர். அந்நிரல் அப்பட்டியலைத் தவிர வேறெதையும் மிகுதியாகத் தொட இயலாது. இவ்வாறு நிரலுக்கு உரிமை வழங்கும் உத்தியைக் கண்டவர் டென்னிஸ் ரிச்சி. அதற்கான காப்புரிமை 1979-இல் வழங்கப்பட்டது.

இம்மரபின் பயனை நம் நகரத்திலேயே காணலாம். 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் பூஜப்புரையில் உள்ளது. அந்நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்குத் தருவது லினக்ஸ் வழிப்பட்ட இயக்கமுறைமை. தொடக்க வகுப்புக் கணிப்பொறிப் பாடநூலின் பெயரே 'களிப்பெட்டி'. (மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு, நமக்கோ கேழ்வரகுக் களிதான் முதலில் நினைவுக்கு வரும்!) லினக்ஸில் விளையாட்டு நிரலைப் பொதுவிடத்தில் ஒருமுறை நிறுவினால் போதும். எல்லோரும் அதை ஓட்டலாம். அவரவர் ஆட்டக் குறிப்பு அவரவர் இல்லக் கோப்புறையில் சேரும். கடவுச்சொல் கேட்கும் பேச்சே எழாது.

விண்டோஸில் கதை வேறு. 2001-இல் வந்த எக்ஸ்பி காலத்தில் வீட்டுப் பயனர் பெரும்பாலோர் நிர்வாகியாகவே இயங்கினர். எனவே விளையாட்டு எழுதியோரும் ஆட்டக் குறிப்பை நிரல் இருக்கும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையிலேயே எழுதிவந்தனர். 2007-இல் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது, நிர்வாகி ஓட்டும் நிரலும் அவர் ஒப்புதலின்றி அங்கு எழுதும் வழி அடைபட்டது. பழைய விளையாட்டுகள் திணறின. அவற்றுக்காகவே ஒரு மாயம் செய்தனர். பழைய 32 பிட் நிரல் அங்கே எழுத முயன்றால், எழுத்து ஓசையின்றிப் பயனரின் சொந்தப் பகுதிக்குத் திருப்பிவிடப்படும். தம்பி சேமித்த ஆட்டம் தமக்கையின் கணக்கில் தென்படாததற்கு இது ஒரு காரணம்.

எங்கள் வீட்டுப் பெட்டியில், சாலைக் கடைத்தெருவிலுள்ள அப்பா கடையின் வரவு செலவும், என் ஆய்வுக்கூட அளவீடுகளும், தம்பியின் கால்பந்தாட்டமும் உள்ளன. மூவருக்கும் தனித்தனிக் கணக்கு அமைத்தேன்; மூன்றுமே சாதாரண உரிமை உடையவை. நான்காவதாக நிர்வாகிக் கணக்கு ஒன்று. அதன் கடவுச்சொல் அப்பாவிடமும் என்னிடமும் மட்டும் உண்டு. புது விளையாட்டை நிறுவும்போது ஒருமுறை அதைத் தருகிறோம். பின்னர் தம்பி தன் கணக்கிலேயே ஆடுகிறான். அடம் பிடிக்கும் பழைய விளையாட்டை 'புரோகிராம் ஃபைல்ஸில்' இடாமல் வேறொரு கோப்புறையில் நிறுவி, அக்கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமையை அவனுக்குத் தந்தேன். பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் ஒன்று: அங்குள்ள நிரலை நிர்வாகியாக ஒருபோதும் ஓட்டலாகாது. தம்பி எழுதக்கூடிய இடத்தில், அவன் ஓட்டிய கெட்ட நிரலும் எழுதலாம். நல்ல நிரலின் பெயரிலேயே அது அங்கு காத்திருக்கலாம்.

உரிமையைக் குறைத்ததனால் தீங்கே வராது என்று நான் சொல்லவில்லை. தம்பி ஓட்டும் கெட்ட நிரல் அவனுடைய கோப்புகளை அழிக்கவோ, பூட்டிவைத்துப் பணம் கேட்கவோ செய்யலாம். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. ஆனால் அப்பாவின் கோப்புறையைத் திறக்க அதற்கு அனுமதி இராது. தனிக்கணக்கின் பெரும்பயன் இதுவே. இயக்கமுறைமையின் ஓட்டையொன்றைப் பிடித்து அது மேலேறவும் கூடும் என்பதால், கடைக் கணக்கின் படி ஒன்றை வெளி வட்டில் எடுத்து, அதைக் கழற்றி வைக்கிறோம்.

எவ்வழியாலும் இணங்காத விளையாட்டுகளும் உள. வாலரண்ட் போன்றவை, ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்க, இயக்கமுறைமையின் கருவிலேயே ஒரு காவல் நிரலை இறக்குகின்றன. பெட்டி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும். அதை நிறுவுவதா என்பது வீட்டார் கூடி முடிவு செய்ய வேண்டிய செய்தி. எங்கள் வீட்டில் வேண்டாம் என்றே முடிவாயிற்று. தம்பி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்ற விளையாட்டுகளின் புதுப்பிப்புகள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருக்கிறான். அன்று கடைக்கு விடுமுறையாதலால், அப்பாவே வந்து கடவுச்சொல்லை இடுகிறார்.