மாதம் ஒரு நாடகம்: காலண்டரில் வட்டம் போட்டாச்சு!

நீங்கள் கடைசியாக நாடகம் பார்த்தது எப்போது?

"அது ஆச்சு, பதினைந்து வருஷம்!" என்பார்கள் பலர். "டிராமாவா? இப்பவும் போடறாங்களா என்ன?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

போடுகிறார்கள்! சனி, ஞாயிறு மாலைகளில் தியாகராய நகர் வாணி மகாலிலோ, ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவிலோ திரை விலகிக்கொண்டுதான் இருக்கிறது. "ஒரு நாள் போகணும்" என்று நினைக்காத சென்னைவாசி கிடையாது. அந்த 'ஒரு நாள்'தான் வருவதில்லை.

ஆகவே இந்த ஆண்டு ஒரு முடிவு செய்திருக்கிறேன். மாதம் ஒரு நாடகம். காசு கொடுத்து டிக்கெட். ஓசி பாஸ் கேட்பதில்லை!

மெம்பர் கார்டு

அந்தக் காலத்தில் இப்படிச் சபதம் போட வேண்டிய அவசியமே இல்லை. 1960-களில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் குடும்பங்கள் பல சபாவில் மெம்பர். சந்தா கட்டினால் மாதம் ஒன்றிரண்டு நாடகம். நல்லதோ சுமாரோ, கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாடகக் குழுவுக்கும் கவலை இல்லை. பேசிய தொகையைச் சபா கொடுத்துவிடும்.

அந்த மேடையில் வளர்ந்தவர்தான் கே.பாலசந்தர். பகலில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலை. சாயங்காலம் ஒத்திகை! 'நீர்க்குமிழி', 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' எல்லாம் மேடையில் கைதட்டல் வாங்கிய பிறகுதான் சினிமாவுக்குப் போயின. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968-ல் நாடகம். 1971-ல் படம்.

1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே சினிமா. நாடகத்துக்கும் அதே நேரம்! சந்தாவைப் புதுப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

டி.வி. மேல் மட்டும் பழி போட முடியாது. அதே சோபா, அதே டெலிபோன், அதே மாமியார் ஜோக்... நாடகக்காரர்களும் கொஞ்சம் சோதித்துத்தான் விட்டார்கள்.

அடுத்த தடவை?

சினிமாவைத் தவறவிட்டால் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். நாடகம் அப்படி இல்லை.

'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் தந்திரக் காட்சிகளால் ஊரையே வாய் பிளக்க வைத்த ஆர்.எஸ்.மனோகர் 2006-ல் மறைந்தார். 'சாக்லேட் கிருஷ்ணா'வில் கிருஷ்ணராக வந்து சிரிக்க வைத்த கிரேசி மோகன் 2019 ஜூன் 10-ல் போய்விட்டார். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த தடவை இல்லாமலே போனது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அரங்குகள் எல்லாம் பூட்டு!

இன்னொன்று. ஜோக்குக்குச் சபை சிரித்தால் நடிகர் அடுத்த வசனத்தை நிறுத்தி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அதே ஜோக் செத்துப்போகும். அப்புறம் எல்லா வசனமும் ஓட்டமாக ஓடும். கூட்டம் இல்லாத நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நடிப்பவர்களில் பாதிப் பேர் வேறு வேலை பார்ப்பவர்கள். ஹால் வாடகை, செட், லைட், மேக்கப் என்று செலவு வரிசையாக நிற்கிறது. டிக்கெட் விற்காவிட்டால் அடுத்த காட்சிக்குத் தேதி கேட்கவே தயங்குவார்கள்.

முதலில் டிக்கெட்

மாதப் பிறப்பன்று பேப்பரில் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, காலண்டரில் வட்டம் போட வேண்டும். அன்றே டிக்கெட். பணம் போய்விட்டால் கால் தானாக நடக்கும்!

பன்னிரண்டில் மூணு நாலு சுமாராகத்தான் இருக்கும். இருக்கட்டுமே! சுமாரான படத்துக்கு இதைவிட அதிகமாகக் கொடுத்து, பாப்கார்னும் வாங்குகிறோமே!

சபா காமெடி பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை வழியில் வந்த நவீன நாடகங்கள் இருக்கின்றன. முதல் தடவை பார்க்கும்போது பாதி புரியாது. மறுநாள் பஸ்ஸில் போகும்போது புரியும்.

ஏப்ரல், மே மாதங்களில் கஷ்டமே இல்லை. கார்த்திக் பைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புதுப்புது நாடகங்கள் வரும். சிக்கல் டிசம்பரில்தான். சபாக்கள் முழுக்கக் கச்சேரி. நாடகத்துக்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. டிசம்பர் கணக்கை நவம்பரிலேயே பார்த்து முடித்துவிடுவதாக உத்தேசம்.