கம்பியைத் தொடாமலே வரும் ஆபத்து, கேட்காமலே போகும் இழப்பீடு

பெரம்பலூர் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேரும் மாதங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. டவர் லைனுக்கு நேர் கீழே டிராக்டரை நிறுத்தி, மூட்டைகளின் மேல் ஆள் ஏறி நின்று கயிறு கட்டுகிறார். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக்காடுகளில் கிளை கழிக்க அலுமினியத் தொரட்டியைக் கம்பிப் பக்கம் உயர்த்துகிறார்கள். கேட்டால், “கம்பியைத் தொடலையே” என்கிறார்கள். தொட வேண்டியதே இல்லை.

கம்பி நெடுகப் பரவியிருக்கும் மின்னூட்டம் தன்னைச் சுற்றி மின்புலத்தை உண்டாக்குகிறது. ஒரே புள்ளியில் உள்ள மின்னூட்டம் என்றால், இரண்டு மடங்கு தூரத்தில் புலம் நான்கில் ஒன்றாகிவிடும். நீண்ட கம்பிக்கு அது பாதியாக மட்டுமே குறையும். மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒன்றின் புலத்தை ஒன்று ஓரளவு தணிப்பதால், பக்கவாட்டில் விலகிப் போனால் சீக்கிரம் குறைகிறது. நேர் அடியில் அந்தப் பாதுகாப்பு குறைவு. அதிலும் இரண்டு டவர்களுக்கு நடுவே, கம்பி தொய்ந்திருக்கும் இடத்தில்தான் புலம் வலுவாக இருக்கும். வெயிலிலும் மின் சுமையிலும் கம்பி சூடேறி இன்னும் இறங்கும்.

வயல்வெளியில் 110 கே.வி. கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர், 230 கே.வி. கம்பி 7 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய விதிக் கணக்கு. பாரம் ஏற்றிய வண்டி 4 மீட்டர்; அதன் மேல் நிற்பவர் கையைத் தூக்கினால் 2 மீட்டருக்கு மேல். கூட்டிப் பாருங்கள். காற்று தாங்குவது சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட்தான். கூர்முனை இருந்தால் அதற்கு முன்பே பொறி பாயும். லைனுக்குக் கீழே பாரம் ஏற்றாதீர்கள். ஏணி, தொரட்டி, போர்வெல் குழாய் எதையும் நிமிர்த்தாதீர்கள்.

லைனுக்கு இணையாகக் கல்தூணில் இழுத்த இரும்புக் கம்பி வேலியிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். வேலிக்குப் பல இடங்களில் தனி எர்த் கம்பி அடியுங்கள். மோட்டாரின் நியூட்ரலோடு இணைக்காதீர்கள். ரப்பர் டயரில் நிற்கும் டிராக்டரில் தரையைத் தொடும்படி இரும்புச் சங்கிலி தொங்க விடுங்கள். லைனுக்கு அடியில் டீசல் ஊற்ற வேண்டாம். பொதுமக்களுக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட் மின்புலம் வரம்பு என்பது சர்வதேச வழிகாட்டுதல். கம்பி தாழத் தாழத் தரையில் புலம் கூடும்; அதனால் தாழ்ந்திருந்தால் உயரத்தை அளந்து தரும்படி எழுத்தில் கேளுங்கள், அளந்த பதிவின் நகலையும் வாங்குங்கள்.

யாரிடம் கேட்பது? இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். ஊர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நடந்து நடந்து கால் தேய்கிறது. டவர் லைன் அவர்களுடையது அல்ல. அது தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்துடையதாகவோ மத்திய அரசின் பவர்கிரிட்டுடையதாகவோ இருக்கலாம். டவரில் இருக்கும் பலகையில் லைன் பெயர், டவர் எண்ணைக் குறித்துக்கொண்டு மனுவில் எழுதுங்கள். தெருக் கம்பியும் 11 கே.வி. கம்பியும் பிரிவு அலுவலகத்தின் பொறுப்பு. அதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம்: 94987 94987.

புதிய லைன் வரும்போது நடப்பது இன்னும் மோசம். அளக்க வருபவர் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அல்லது வேலையை மறித்து நின்றால் லைன் நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 164-ன் கீழ் லைன் போடும் நிறுவனத்துக்கு அரசு அதிகாரம் கொடுத்திருந்தால், 1885 தந்திச் சட்டத்தின்படி உங்கள் சம்மதம் இல்லாமலே மாவட்ட ஆட்சியர் அனுமதிக்கலாம். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் மின் தடங்களுக்குத் தந்திச் சட்டத்தின் அந்தப் பகுதி தொடர்கிறது. அதே தந்திச் சட்டம் சேதத்துக்கு முழு இழப்பீடு என்றும் சொல்கிறது. அதைத்தான் யாரும் விவசாயியிடம் சொல்வதில்லை.

66 கே.வி.யும் அதற்கு மேலும் உள்ள லைன்களுக்கு, மத்திய மின் அமைச்சகத்தின் 2024 ஜூன் வழிகாட்டுதல் டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் பரிந்துரைக்கிறது. ஏற்பது மாநிலத்தின் முடிவு. ஆகவே ஆட்சியருக்கான மனுவில் இந்தக் கேள்வியை வையுங்கள்: எனது சர்வே எண்ணுக்கு எந்த அரசாணைப்படி, எந்த நில மதிப்பில், எத்தனை சதுர மீட்டருக்குக் கணக்கிட்டீர்கள்? திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனு.

உடன் வைக்க வேண்டியவை பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம், சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு, தேதியுடன் கூடிய படங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அடங்கல். தேக்கும் முந்திரியும் தென்னையும் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஏறவில்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் கேளுங்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்றால் தாசில்தாருக்கு அனுப்புங்கள். மரம் வெட்டிய பிறகு எண்ணிக்கையை நிரூபிப்பது மிகக் கடினம். மரம் எண்ணும் மகஜரில் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்து. நகல் இல்லாமல் கையெழுத்தே வேண்டாம்.

கொடுத்த தொகை போதாதென்றால் தந்திச் சட்டப் பிரிவு 16(3)-ன்படி மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். காசோலையை வாங்கும்போது, ஆட்சேபத்தோடு பெறுகிறேன் என்று ரசீதில் எழுதுங்கள். நிலம் இருக்கும் இடம், லைன் செல்லும் தூரம், எஞ்சும் நிலத்தின் பயன் ஆகியவற்றைப் பார்த்தே தொகை முடிவாக வேண்டும் என்று 2007-ல் கேரள மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும். நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.