பழைய ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் நாப் ஆடுதா? ஃபெவிக்விக்கை மட்டும் தொடாதீங்க!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ செகண்ட்ஹேண்ட் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனால், பாட்டு போட்டுக் கேட்போம், பேஸ் அதிருதான்னு பார்ப்போம். வால்யூம் நாப்பைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது லொடலொடன்னு ஆடுவது தெரியும். 'வெறும் பிளாஸ்டிக் குமிழ்தானே' என்று விட்டுவிட்டால், ஒருநாள் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடக்கூடும்.

நாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?

நாம் திருகும் நாப் ஒரு தொப்பி மட்டுமே. அதற்குள் ஒரு தண்டு இருக்கும். தண்டின் மறுமுனையில் இருப்பதுதான் பொட்டென்ஷியோமீட்டர். கடையில் 'வால்யூம் கன்ட்ரோல்' என்றே கேட்கலாம். பெரும்பாலான ஆம்ப்களில் இதை முன்பக்கத் தகட்டோடு இறுக்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. அந்த நட்டு தளர்ந்தால், நீங்கள் திருகும்போதெல்லாம் கன்ட்ரோலே சேர்ந்து திரும்பும். அந்த முறுக்கு முழுக்க, சர்க்யூட் போர்டில் சால்டர் செய்த மெல்லிய கால்கள் மீது விழும். நாளடைவில் சால்டர் விரிசல் விடும், சத்தம் விட்டு விட்டு வரும். சில ஆம்ப்களில் கன்ட்ரோலின் உலோக உடலுக்கு எர்த் தொடர்பு கிடைப்பதே இந்த நட்டு வழியாகத்தான். அங்கே நட்டு தளர்ந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் கேட்கும்.

ஆடுவது எது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாப்பைக் கடைசி வரை திருகுங்கள். தண்டு நின்ற பிறகும் நாப் சுற்றிக்கொண்டே போனால், பிரச்னை தொப்பியில்தான். சந்தோஷப்படுங்க, செலவே இல்லை. நாப்பின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். சின்ன ஆலன் கீயோ மெல்லிய ஸ்க்ரூடிரைவரோ போட்டு இறுக்கினால் போதும். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், ஸ்க்ரூ அந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஓட்டை இல்லையென்றால் அது அழுத்திச் சொருகும் நாப். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், முன்தகட்டில் கீறல் விழும். ஷூ லேஸை நாப்புக்குப் பின்னால் சுற்றி, நேராக இழுத்தால் வந்துவிடும். தண்டு நுனி இரண்டாகப் பிளந்திருந்தால், அந்தப் பிளவில் பிளேடு நுனியை விட்டு ஒரு மயிரிழை அகலப்படுத்துங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தண்டே ஒடிந்துவிடலாம். பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பைத் தண்டில் இரண்டு சுற்று சுற்றிச் சொருகுவது இன்னும் பாதுகாப்பு.

ஃபெவிக்விக் ஏன் வேண்டாம்? தண்ணீர் மாதிரி ஓடும் பசை அது. தண்டு வழியாக உள்ளே இறங்கினால் கன்ட்ரோல் ஜாம் ஆகிவிடும். அப்புறம் நாப்பையும் கழற்ற முடியாது, அதன் பின்னால் இருக்கும் நட்டையும் தொட முடியாது.

நாப்பைக் கழற்றிய பிறகு வெறும் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். அடிப்பகுதியோடு சேர்ந்து ஆடினால் நட்டுதான் காரணம். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும், பெரிய சைஸ் கன்ட்ரோல்களுக்கு அரை இன்ச். குறடு போட்டால் நட்டு முனை மழுங்கும். இறுக்கும்போது தண்டும் சேர்ந்து திரும்பினால் உடனே நிறுத்துங்கள். அப்படியே இறுக்கினால் மேலே சொன்ன சால்டர் கால்களை நீங்களே முறித்த மாதிரி ஆகிவிடும். மூடியைக் கழற்றி, உள்ளே கன்ட்ரோலை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும்.

மூடியைக் கழற்றுவது என்றால் மெக்கானிக்கிடம் போவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். வால்வ் ஆம்ப் என்றால் அது பல நூறு வோல்ட். கை வைக்கவே கூடாது.

நட்டு டைட்டாக இருந்தும் தண்டு மட்டும் ஆடுகிறதா? கன்ட்ரோல் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பழையதன் மீது உள்ள '50K A' போன்ற எழுத்துகளைப் போட்டோ எடுத்து அதையே கேட்டு வாங்குங்கள். தண்டின் வடிவமும் நீளமும் ஒத்துப்போக வேண்டும்.

இனிமேல்தான் வாங்கப் போறீங்களா? கடையிலேயே பாட்டு ஓடும்போது நாப்பைத் திருகாமல் பக்கவாட்டில் மட்டும் லேசாக அசையுங்கள். சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் பெரும்பாலும் தொப்பியோ நட்டோதான், தைரியமாக வாங்கலாம். ஒரு பக்கம் கட் ஆகி வந்தால், புது கன்ட்ரோலுக்கும் மெக்கானிக் கூலிக்கும் சேர்த்துக் குறைத்துப் பேசுங்கள்.