சமனாக மறுக்கும் வர்ணம்

அமெரிக்காவில் பழைய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளைப் புதுப்பிப்பவர்கள், பலகையையும் படத்திரையையும் ஒருவாறு சீராக்கிவிட்ட பிறகும், காசு போடும் இரும்புக் கதவின் சொரசொரப்பான கறுப்புப் பூச்சினிடம் மட்டும் தோற்றுப்போவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 'தொழிற்சாலையில் இருந்ததைப் போலவே' என்று டப்பாவின்மேல் அச்சிட்டு விற்கும் வர்ணங்களை நம்பியதுதான் முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். டப்பா தரக்கூடியது திரவத்தை மட்டுமே, சொரசொரப்போ தெளிப்பவர் கையிலும் காற்றின் விசையிலும் இருக்கிறது.

சரித்திரம் வேண்டுவோர்க்குச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1971-ல் வந்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' மினுமினுக்கும் ஃபைபர்கிளாஸ் கூட்டில் நின்றது; 1972-ல் அடாரியின் 'பாங்', 1978-ல் ஜப்பானிய டைட்டோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்று வியாபாரம் பெருகவே, மரப்பலகைக் கூடும் இரும்புக் காசுக் கதவும் வழக்கமாயின. தகட்டின் பற்றவைப்புத் தழும்பையும், பல கைகளின் விரல் ரேகையையும் மறைக்க மேடுபள்ளமான பூச்சு உகந்தது. வழவழப்பான கறுப்போ இரண்டையும் கண்ணாடிபோல் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வர்ணத்தின் ஸ்வபாவமே சமனாவது. ஈரப் பூச்சில் ஒரு மேடு நின்றால், பரப்பிழுவிசை அதை அழுத்திப் பள்ளத்துக்குத் தள்ளுகிறது. பிசுபிசுப்பு அதைத் தடுக்கிறது. இந்தப் போட்டியை 1960-களின் தொடக்கத்தில் ஆர்ச்சர்ட் என்பவர் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். அதிலுள்ள அடுக்குகளைக் கண்டு நான் இன்றும் வியக்கிறேன். மேட்டுக்கு மேடு உள்ள இடைவெளி இரட்டித்தால் சமனாகும் நேரம் பதினாறு மடங்காகிறது. பூச்சின் தடிமன் இரட்டித்தால் அதே நேரம் எட்டிலொன்றாகக் குறுகுகிறது. ஆகவே, 'இன்னும் கொஞ்சம்' என்று ஆசையோடு ஈரமாகப் பூசுகிறவர், தாம் உண்டாக்க விரும்பிய சொரசொரப்பைத் தாமே விரைந்து அழிக்கிறார். நெருங்கிய நுண்மேடுகள் கணத்தில் மறைய, அகன்ற பெருமேடுகள் மட்டும் உலரும்வரை தாக்குப்பிடிக்கின்றன.

தோசைக் கல்லில் கரண்டி சுழன்ற வட்டங்கள் நிலைப்பதும் இந்த நியாயத்தினால்தான்: மாவு சமனாவதற்குள் உஷ்ணம் அதை இறுக்கிவிடுகிறது. கல் சூடேறாமலோ, மாவு நீர்த்தோ இருந்தால் வட்டங்கள் மறைந்து தோசை வழவழப்பாகிவிடும். அப்போது பாட்டி கல்லைக் குறை சொல்வாள், மருமகள் மாவைக் குறை சொல்வாள், இருவரில் எவள் பிசுபிசுப்பின் பக்கம், எவள் காலத்தின் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல ஆர்ச்சர்டுக்கே துணிவிராது.

வர்ணக்காரரின் கல் காற்றுதான். முதலில் மெல்லிய சமப்பூச்சு இட்டு உலரவிட்டு, பிறகு காற்றழுத்தத்தைக் குறைத்துச் சற்றுத் தள்ளி நின்று தெளித்தால், துளிகள் பெரிதாகவும், கரைப்பானில் ஒரு பகுதியை வழியிலேயே இழந்து தடித்தும் வந்து விழுகின்றன. மிகத் தள்ளி நின்றாலோ சிறு துளிகள் பறக்கும்போதே உலர்ந்து தூசியாகிவிடும். ஏனெனில் பாதி விட்டமுள்ள துளி ஏறக்குறைய கால்வாசி நேரத்தில் வற்றுகிறது. பெருந்துளி ஈரமாக வர, சிறுதுளி பொடியாக வர, இவ்விரண்டின் நடுவே உள்ள குறுகிய தூரத்தைத்தான் கைப்பழக்கம் என்கிறோம். அது அன்றைய வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப இடம் மாறுவதால், பழைய தகரத்துண்டில் முதலில் தெளித்துப் பார்த்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து மேடுகளின் நிழலை ஒப்பிடுவதைவிட உறுதியான வழி எதுவும் இல்லை. ஒப்பிடும்போதும் மூலக்கதவின் கைபடாத மூலையைத்தான் பார்க்கவேண்டும். காசுத் துளையின் அருகே பல்லாண்டு விரல்கள் மேடுகளின் முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கும், அந்தப் பளபளப்பை எந்த வர்ணத் துப்பாக்கியும் தெளிப்பதில்லை.